விழாத, வளையாத சுவர் அலங்காரம்: செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் வைத்துச் செய்யும் முழு வழிகாட்டி

வீட்டில் செய்த சுவர் அலங்காரம் கெட்டுப்போவதற்குக் கைத்திறன் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கும், நிறமும் பொருந்தியிருக்கும். ஆனால் சில நாளில் அட்டை வளைந்துவிடும், அல்லது ஒரு மதியம் வெயில் பட்டதும் நடுவில் ஒட்டிய கண்ணாடி மட்டும் கழன்று கீழே கிடக்கும். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு "இதை எதில் மாட்டுவது?" என்ற கேள்வி வரும், பின்னால் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதில் நூலைக் கோர்த்து, அது எப்போது அறுந்து விழுமோ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இவை எல்லாமே வரிசை தவறியதால் வருபவை. புதிதாகச் செய்பவர்கள் முன்பக்கத்தில் தொடங்கி முன்பக்கத்திலேயே முடிக்கிறார்கள். இந்த வேலையைப் பின்பக்கத்தில் தொடங்க வேண்டும்: முதலில் சுவர், பிறகு அடித்தட்டு, பிறகு மாட்டும் கயிறு. கண்ணுக்குத் தெரியும் பகுதி அதற்கு அப்புறம்தான்.

செய்து காட்ட ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: செய்தித்தாள் குழல்களால் செய்யும் சூரியக்கதிர் வட்டம், நடுவில் ஒரு சிறிய கண்ணாடி அல்லது பழைய சிடி. குறுக்களவு 60 சென்டிமீட்டர் வரும். இதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால், துணி, பாட்டில் மூடி, பொத்தான் எதை வைத்துச் செய்வதாக இருந்தாலும் இதே வரிசைதான். ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். கைவேலை சில மணி நேரம்தான். காய்வதற்குத்தான் காலம் வேண்டும். நான்கைந்து நாளாகப் பிரித்துக்கொண்டால் நிம்மதி.

1. முதலில் சுவரைப் பாருங்கள்

எங்கே மாட்டப் போகிறீர்கள் என்பது தெரியாமல் அளவையும் எடையையும் முடிவு செய்ய முடியாது.

சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டினால் அந்தச் சுவரில் பசை ஹூக் நிற்காது. ஹூக் சுவரை நன்றாகப் பிடித்திருந்தாலும், சுவரின் மேல்தோல் அதோடு சேர்ந்து உரிந்து வரும். அங்கே ஆணிதான். ஈரம் கசியும் சுவர் என்றால் காகிதம், அட்டை, துணி மூன்றையும் மறந்துவிடுங்கள். பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், முன்பக்கம் பார்த்தால் தெரியவே தெரியாது.

வெயில் நேராக விழும் சுவரா என்பதையும் பாருங்கள். க்ளூ கன்னில் வரும் பசை சூட்டில் உருகிச் சூடாறி இறுகுவது. மீண்டும் சூடு பட்டால் இளகும். செய்தித்தாளும் வெயிலில் மஞ்சளாகும். வெயில் படும் சுவர்தான் வேண்டும் என்றால், குழல்களுக்கு முழுக்க வண்ணம் பூசியே ஆக வேண்டும்.

பிறகு அளவு. ஒரு பழைய செய்தித்தாளை நினைத்திருக்கும் அளவுக்கு வட்டமாக வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிவிட்டு ஒருநாள் விடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது பெரிதாகத் தெரிவது சுவரில் ஏறியதும் சின்னதாகிவிடும். சோஃபாவுக்கு மேலே என்றால், அலங்காரமோ அலங்காரங்களின் கூட்டமோ சோஃபாவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். 60 சென்டிமீட்டர் போதாது என்று தெரிந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

2. எடுத்து வைக்க வேண்டியவை, ஒதுக்க வேண்டியவை

அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே அலை அலையாக வரி ஓடும், சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரணப் பெட்டி போதும். மடிப்பு விழாத பக்கங்களைப் பார்த்து எடுங்கள். மடிந்த அட்டையை எத்தனை முறை நிமிர்த்தினாலும் அதே கோட்டில்தான் மறுபடி மடியும். நனைந்து காய்ந்த பெட்டி வேண்டாம்.

செய்தித்தாள் நான்கு முழுத்தாள். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அது குழலாகச் சுற்றும்போது வழுக்கிப் பிரியும்.

மெல்லிய நேரான கம்பி ஒன்று: பின்னல் ஊசி, சைக்கிள் ஸ்போக்ஸ், எது இருந்தாலும் சரி, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். துடைப்பக் குச்சி சரிப்படாது. ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் இருப்பதால் குழலுக்குள்ளிருந்து உருவும்போது சிக்கும்.

இவை தவிர கட்டர் கத்தி, ஸ்கேல், கவராயம், ஐஸ் குச்சி ஒன்று, உறுதியான நைலான் அல்லது பருத்திக் கயிறு, வீட்டுக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பெயிண்ட் அல்லது அக்ரிலிக் வண்ணம். எனாமல் பெயிண்ட் மிச்சமிருந்தாலும் இதற்கு வேண்டாம். காகிதம் அதை உறிஞ்சும், காய நாளாகும், வாடை போகாது.

ஒதுக்க வேண்டியதில் முதலிடம் உணவுப் பொருள்களுக்கு. அரிசி, பருப்பு, பாஸ்தா ஒட்டிச் செய்த அலங்காரம் பார்க்க அழகாக இருக்கலாம்; பூச்சிக்கு அது சுவரில் மாட்டிய சாப்பாடு. மாவுப் பசையும் அப்படித்தான், வெள்ளிப்பூச்சி தேடி வரும். முட்டை அட்டையில் முட்டை உடைந்து ஒழுகிய கறை இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். தகர டப்பா மூடி ஓரம் கூராக இருந்தால் குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு ஆகாது.

3. பசை: எதற்கு எது

எல்லாவற்றையும் ஒரே பசையால் ஒட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை தண்ணீர் போய்க் காய்வது. தண்ணீர் வெளியேற வழி வேண்டும் என்பதால், ஒட்டும் இரண்டு பரப்பில் ஒன்றாவது உறிஞ்சும் பொருளாக இருக்க வேண்டும்: காகிதம், அட்டை, மரம், துணி. கண்ணாடியையும் தகரத்தையும் இதால் ஒட்டினால் ஓரம் மட்டும் காய்ந்து நடு ஈரமாகவே இருக்கும், பிறகு தோலாக உரிந்து வரும்.

க்ளூ கன் பசை உடனே பிடிக்கும். அதனாலேயே எல்லோரும் அதை நம்புகிறார்கள். ஆனால் வழவழப்பான பரப்பில் அதன் பிடி பலவீனம். கண்ணாடியின் எடையை அதன் மேல் விட வேண்டாம். இந்த வேலையில் அது தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும். நிரந்தரப் பிடிப்பு வெள்ளைப் பசையுடையது. கன்னின் முனையும் பசையும் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருக்கட்டும்.

கண்ணாடியை ஒட்ட சிலிக்கான். கடையில் கேட்கும்போது நியூட்ரல் வகை என்று சொல்லி வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். அது கண்ணாடியின் பின்புற ரசத்தை அரித்து, முன்னாலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். உலோகத்தை ஒட்ட இரண்டு குழாயாக வரும் எபாக்ஸி.

இன்னொன்று. தெர்மோகோலை அடித்தட்டாக வைக்க நினைப்பவர்கள் ஸ்ப்ரே பெயிண்டையும் கரைப்பான் கலந்த பசைகளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். கண்ணெதிரிலேயே கரைந்து குழியாகும்.

4. அடித்தட்டு வெட்டுதல்

அட்டையில் 20 சென்டிமீட்டர் குறுக்களவில் இரண்டு வட்டம், 18 சென்டிமீட்டரில் ஒன்று, 9 சென்டிமீட்டரில் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கட்டரை ஒரே அழுத்தில் இறக்காமல் முதல் சுற்றில் மேல்தாளையும், இரண்டாவது சுற்றில் நடு அலையையும், மூன்றாவதில் அடித்தாளையும் வெட்டுங்கள். ஒரே வெட்டில் முயன்றால் அலை நசுங்கி ஓரம் பிய்ந்துவிடும்.

20 சென்டிமீட்டர் வட்டங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப் போகிறோம். ஒன்றின் வரி மேலும் கீழுமாக ஓடினால் மற்றொன்றின் வரி இடவலமாக ஓட வேண்டும். அட்டை தன் வரிக்கு இணையான கோட்டில் சுலபமாக மடியும், குறுக்கே மடியாது. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும்போது ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஒரே திசையில் இரண்டு அடுக்கு ஒட்டுவதைவிட, திசை மாற்றி ஒட்டிய இரண்டு அடுக்கு வளையாமல் நிற்கும்.

இப்போதே ஒட்டிவிடாதீர்கள். அடுத்த படி முடிந்த பிறகுதான்.

5. மாட்டும் கயிறு இப்போதே

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முன்பக்கம் முடிந்தபிறகு கயிறு கோர்க்க வேண்டுமானால், முடிந்த வேலையில் ஓட்டை போட வேண்டும், அல்லது பின்பக்கம் டேப்பை நம்ப வேண்டும். இரண்டுமே தேவையில்லை.

பின்பக்கம் வரப்போகும் 20 சென்டிமீட்டர் வட்டத்தை எடுத்து, நடுவிலிருந்து நேர் மேலே 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிடைக்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டில் நடுவிலிருந்து இடப்பக்கம் 4, வலப்பக்கம் 4 சென்டிமீட்டரில் ஒவ்வொரு துளை. கயிற்றைப் பின்னாலிருந்து ஒரு துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, ஐஸ் குச்சியின் ஒரு முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, குச்சி மேலேயே கொண்டுபோய், மறு முனையிலும் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த துளை வழியாகப் பின்னால் எடுத்து முடிச்சுப் போடுங்கள். குச்சி இரண்டு அடுக்குக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும்.

குச்சி எதற்கு? வெறும் கயிறு என்றால் மொத்த எடையும் துளையின் மேல் ஓரத்தில் ஒரு புள்ளியில் இறங்கும். அட்டை மெல்ல மெல்லக் கிழியும். குச்சி இருந்தால் எடை 8 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவும்.

பின்பக்கக் கயிற்றை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் துளைக் கோட்டிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் ஆணி வட்டத்துக்குப் பின்னால் மறையும். கம்பளி நூல் வேண்டாம், நாளாக நாளாக நீண்டு தொங்கும்.

துளைகள் நடுவுக்கு மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு. பிடிப்பு எடையின் மையத்துக்குக் கீழே இருந்தால் மேல்பக்கம் சுவரிலிருந்து விலகி முன்னால் சாயும். ஒரே துளை மட்டும் போட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் வட்டம் கொஞ்சம் திரும்பி நிற்கும்.

இப்போது இரண்டு வட்டத்தையும் ஒட்டலாம். வெள்ளைப் பசையை ஒரு பழைய அட்டைத் துண்டால் மெல்லிய படலமாக முழுப் பரப்பிலும் இழுத்துவிடுங்கள். கொட்டினாற்போல் ஊற்றினால் அட்டை நனைந்து நெளியும். குச்சி இருக்கும் இடத்தில் கட்டை விரலால் அழுத்தினால் மேலட்டையின் அலை நசுங்கிக் குச்சிக்கு இடம் கொடுக்கும். கீழும் மேலும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். எடை இல்லாமல் காயவிட்ட அட்டை நிச்சயம் வளையும்.

காய்ந்ததும் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு வண்ணம். சுவரைப் பார்க்கும் பின்பக்கத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் இழுத்தால் அட்டை நேராக நிற்கும். முன்பக்கத்தில் மட்டும் ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே வரை உள்ள வளையத்தைப் பூசாமல் விடுங்கள். குழல் ஒட்டப்போவது அங்கேதான். வண்ணத்தின் மேல் ஒட்டிய பசை, வண்ணம் அட்டையைப் பிடித்திருக்கும் அளவுக்கு மட்டுமே பிடிக்கும்.

6. குழல் உருட்டுதல்

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், பெரும்பாலும் நேராகக் கிழியும். இடவலமாகக் கிழித்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் நார் ஓடும் திசை. நார் ஓடும் வாக்கிலேயே 10 சென்டிமீட்டர் அகலத்தில் கீற்றுகள் வெட்டுங்கள். அப்படி வெட்டிய கீற்று உருட்டும்போது முரண்டு பிடிக்காது. ஒரு முழுத்தாளில் ஆறேழு கீற்று வரும். நமக்கு வேண்டியது 16. 20 செய்துவையுங்கள், முதல் மூன்று நான்கு எப்படியும் குப்பைக்குத்தான்.

கீற்றை மேசையில் நீளவாக்கில் வைத்து, ஒரு மூலையில் கம்பியைச் சாய்த்து வையுங்கள். கீற்றின் நீள ஓரத்துக்கும் கம்பிக்கும் நடுவே 20 முதல் 30 டிகிரி கோணம். மூலையைக் கம்பியின் மேல் மடித்து இறுக்கமாக உருட்டிக்கொண்டே போய், கடைசி மூலையில் ஒரு சொட்டுப் பசை. கம்பியை உருவிவிடலாம்.

கோணம்தான் எல்லாம். கூடினால் குழல் குட்டையாகவும் தடியாகவும் வரும். மிகக் குறைந்தால் சுற்று சீக்கிரமே முடிந்து தொளதொளவென்று இருக்கும். சரியான கோணத்தில் வரும் குழலின் நீளம் கிட்டத்தட்ட கீற்றின் நீளமேதான். உருட்டும்போது ஒரு கை முன்னே ஓடி மறு கை பின்தங்கினால் குழல் கூம்பாகிவிடும். இது சொல்லிப் புரியாது, நாலு உருட்டினால் கைக்கே வந்துவிடும்.

குழலின் இரண்டு முனையிலும் சுற்று குறைவு, அதனால் மெலிந்திருக்கும். இரண்டு பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, நடுப்பகுதியிலிருந்து 25 சென்டிமீட்டரில் ஒன்று, 18 சென்டிமீட்டரில் ஒன்று எடுங்கள். ஆக 16 நீளக் குழல், 16 குட்டைக் குழல்.

7. குழலுக்கு வண்ணம்

ஒட்டிவிட்டு வண்ணம் பூசலாம் என்று தோன்றும். 32 குழலுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் தூரிகை போகாது; சுவரில் ஏறியதும் பக்கவாட்டில் அச்செழுத்து எட்டிப் பார்க்கும். எனவே ஒட்டும் முன்.

வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து முதலில் ஒரு பூச்சு. இது இரண்டு வேலை செய்யும்: காகிதத்தை விறைப்பாக்கும், வண்ணம் உள்ளே உறிஞ்சப்படாமல் தடுக்கும். நன்றாகக் காய்ந்ததும் வெள்ளை எமல்ஷன் ஒரு பூச்சு, அதன் மேல் நீங்கள் விரும்பும் நிறம். வெள்ளைப் பூச்சு இல்லாமல் மஞ்சளோ இளஞ்சிவப்போ நேராக அடித்தால் அச்சின் கறுப்பு உள்ளேயிருந்து தெரிந்து நிறம் அழுக்காக இருக்கும். கரும்பழுப்பு, கருநீலம் என்றால் வெள்ளை தேவையில்லை.

ஒவ்வொரு குழலிலும் ஒரு முனையில் 5 சென்டிமீட்டர் பூசாமல் விடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். அந்த முனையை ஒரு தெர்மோகோல் துண்டில் குத்தி நிறுத்திவைத்துக் காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. கிடத்திக் காயவைத்தால் மேசையில் ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தில் என் கருத்து: நீளத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று, அவ்வளவு போதும். சுவரின் நிறத்தை ஒட்டியே ஒன்று, அதிலிருந்து நன்றாக விலகி நிற்பது இன்னொன்று. ஏழெட்டு நிறம் வைத்தால் பார்வை எங்கேயும் நிற்காது.

8. அடுக்கிப் பார்த்து, பிறகு ஒட்டுதல்

அடித்தட்டின் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி நான்கு முறை பாதி பாதியாக மடியுங்கள். விரித்தால் 16 சம பாகம் இருக்கும். அந்த மடிப்புக் கோடுகளை அடித்தட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மேல்பக்கம் எது என்று பார்த்து, ஒரு கோடு நேர் உச்சியில் வருமாறு வையுங்கள். உச்சியில் நீளக் குழலா இரண்டு குழலின் இடைவெளியா என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

நடுப்புள்ளியைச் சுற்றி 5 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். எல்லாக் குழலின் உள்முனையும் இந்த வட்டத்தைத் தொட வேண்டும். பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை அடுக்கி, எழுந்து நின்று பாருங்கள். கோணலான குழலை மாற்ற இதுதான் கடைசி வாய்ப்பு.

ஒட்டும்போது கடிகார முள் திசையில் ஒன்று, அடுத்து ஒன்று என்று போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சுற்றி வரும்போது எல்லாம் சேர்ந்துவிடும்; கடைசிக் குழலுக்கு இடம் இருக்காது, அல்லது பெரிய சந்து விழும். முதலில் மேல், கீழ், இடம், வலம் நான்கு. அடுத்து அவற்றின் நடுவில் நான்கு. பிறகு மீதி எட்டு. நீளக் குழல் பதினாறும் உட்கார்ந்த பிறகு ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு குட்டைக் குழல். இப்படிச் செய்தால் ஒரு பிசகு பக்கத்துக் குழலோடு நின்றுவிடும்.

பூசாத 5 சென்டிமீட்டர் முனையை விரலால் லேசாகத் தட்டையாக்குங்கள். உருளை, தட்டைத் தொடுவது ஒரு கோட்டில்தான். தட்டையாக்கினால் பசை பிடிக்க அகலம் கிடைக்கும். ரொம்பவும் நசுக்க வேண்டாம், உள்வட்டத்தில் ஒரு குழலுக்கு ஒரு சென்டிமீட்டர் இடம்தான் இருக்கிறது. முனை முழுக்க வெள்ளைப் பசை தடவி, ஒரே ஒரு இடத்தில் க்ளூ கன் பசை ஒரு சொட்டு. சொட்டு பிடித்து நிறுத்தும்; வெள்ளைப் பசை அவசரமில்லாமல் காயட்டும்.

9. மூடித்தட்டும் நடுக் கண்ணாடியும்

குழல்களின் உள்முனைகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் பள்ளம் இருக்கும். 9 சென்டிமீட்டர் வட்டங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டு மேலே மூடினால் மூடித்தட்டின் நடு வெற்றிடத்தின் மேல் நிற்கும். கண்ணாடியை அழுத்தி ஒட்டும்போது உள்ளே அமுங்கும். நிரப்பிய மட்டம் குழல்களைவிட உயரமாக இருந்தால் விரலால் அழுத்திச் சரி செய்யலாம்.

அதன்மேல் 18 சென்டிமீட்டர் வட்டம். குழல்கள் இரண்டு தட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வதால் ஒட்டிய இடம் இரட்டிப்பாகிறது. வெறுமனே மேலே ஒட்டிய குழல், தூசி தட்டும்போது கை பட்டாலே கழன்றுவிடும். மறுபடியும் புத்தகம் வைத்து இரவு முழுக்க. புத்தகம் வட்டத்தின் மேல் மட்டும் இருக்கட்டும், குழல்களின் மேல் சாயக் கூடாது.

நடுவில் என்ன வைப்பது? முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது பழைய சிடி. 12 சென்டிமீட்டர், எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை, பளபளவென்று இருக்கும். அச்சிட்ட பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், நடுத் துளையை ஒரு பெரிய பொத்தானால் மறைத்துவிடலாம். கண்ணாடிதான் வேண்டும் என்றால் 15 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். 3 மில்லிமீட்டர் தடிப்பில் அந்த அளவுக் கண்ணாடி 130 கிராம் அளவுக்கு வரும். இந்த அடித்தட்டு அதைச் சிரமமில்லாமல் தாங்கும். கண்ணாடியின் பின்புறத்தைத் துடைத்து, சிலிக்கானை நாலைந்து கோடுகளாக இழுத்து, படுக்கவைத்த நிலையிலேயே 24 மணி நேரம் விடுங்கள். மேல்பகுதி தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. எழுப்பி நிறுத்தினால் கண்ணாடி மெதுவாக வழுக்கி இறங்கும்.

கண்ணாடியின் ஓரம் கூராகத் தெரிந்தால் சணல் கயிற்றை இரண்டு சுற்று ஒட்டிவிடுங்கள். விளிம்பில் பசை வழிந்திருந்தாலும் அதுவே மறைத்துவிடும்.

10. சுவரில் ஏற்றும் முன் ஒரு சோதனை, பிறகு மாட்டுதல்

ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டி, கீழே மடித்த போர்வையை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கையால் மெதுவாக உதறிப் பாருங்கள். விழ வேண்டியது இங்கேயே விழட்டும்.

உயரம்: அலங்காரத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிற்பவரின் பார்வைக்கு நேராக வரும். பெரும்பாலோர் ஒரு சாண் மேலேதான் அடிக்கிறார்கள். சோஃபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சோஃபா முதுகுக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடிமுனை வருமாறு பாருங்கள். கட்டிலில் தலை வைக்கும் இடத்துக்கு மேலே கண்ணாடி உள்ளதை மாட்டவே வேண்டாம்.

ஆணி எங்கே? அலங்காரத்தின் நடுவும் ஆணியும் ஒரே இடம் இல்லை. கயிற்றை ஆணி இழுப்பதுபோல் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, விரலுக்கும் வட்டத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். நம் அளவில் 8, 9 சென்டிமீட்டர் வரும். சுவரில் குறித்த நடுப்புள்ளியிலிருந்து அவ்வளவு மேலே ஆணி.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் ஆணியோ டிரில்லோ கூடாது. மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் சுவருக்குள் ஓடும். அடிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டிக்கொண்டால் பூச்சு சிதறுவது குறையும். கான்கிரீட் ஆணி வளைந்துகொண்டே இருந்தால் மேலும் அடித்துச் சுவரைக் குழியாக்க வேண்டாம். 6 மில்லிமீட்டர் டிரில், அதே அளவு பிளக், ஒரு திருகாணி.

பசை ஹூக் என்றால், புதிதாக வண்ணம் அடித்த சுவரில் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஹூக்கை 30 விநாடி அழுத்திப் பிடித்து, எடையை ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். ஒட்டிய கையோடு மாட்டுவதால்தான் பாதி ஹூக்குகள் அன்றைக்கே கழன்று விழுகின்றன. ஹூக் பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையில் பாதியை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஆணி சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வட்டத்தின் மேல்பகுதி தள்ளி நிற்கும். வட்டத்தின் கீழ்ப்பகுதியில், பின்பக்கமாக, இரண்டு சின்ன அட்டைத் துண்டுகளை அதே தடிப்புக்கு ஒட்டிவிட்டால் சுவருக்கு இணையாக நிற்கும். சுவரில் உரசிக் கறை படுவதும் குறையும்.

11. இதே வரிசையில் வேறு பொருள்கள்

துணி: நல்ல வேலைப்பாடுள்ள பழைய துணியைச் செவ்வக அட்டையில் இழுத்து மாட்டலாம். அடித்தட்டும் கயிறும் மேலே சொன்னபடியே. துணியை இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். பசை பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கத்தில் தடவினால் காய்ந்ததும் கறையாகத் தெரியும். மேல் ஓரத்தின் நடுவை ஒட்டியதும் எதிரே கீழ் ஓரத்தின் நடு, அப்புறம் இடது நடு, வலது நடு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போய் மூலைகளைக் கடைசியில் மடியுங்கள். மூலையில் தொடங்கினால் இழை சாய்ந்து, கோடு போட்ட துணி அலையடிக்கும். சாயம் போகும் துணியா என்று ஈரப் பஞ்சால் ஓரத்தில் ஒற்றிப் பார்த்துவிடுங்கள்.

பாட்டில் மூடிகளும் சின்ன டப்பாக்களும்: கழுவிக் காயவைத்து, ஒட்டும் பரப்பை 120 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியே ஒட்ட வேண்டும். லேபிள் பசை போகவில்லை என்றால் வெந்நீரில் ஊறவைத்து, மிச்சத்தைச் சமையல் எண்ணெயால் தேய்த்து எடுக்கலாம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் முழுக்கக் கழுவாவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. எடை கூடும் என்பதால் மூன்றடுக்கு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சிடியைத் துண்டுகளாக்கி ஒட்டுவது பார்க்க அழகு, வெட்டுவது தொல்லை. அப்படியே கத்தரித்தால் சில்லு சில்லாக உடையும், பளபளப்புப் படலமும் உரியும். ஒரு நிமிடம் நல்ல வெந்நீரில் போட்டு எடுத்து, இளகியிருக்கும்போதே வெட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். குழந்தைகளிடம் வெட்டிய துண்டை ஒட்டும் வேலையை மட்டும் கொடுங்கள்.

பொத்தான்களை ஒட்டுவதைவிடத் தைத்துவிடுவது மேல். துணியை அட்டையில் இழுக்கும் முன்பே தைக்க வேண்டும், அட்டை பின்னால் வந்த பிறகு ஊசி ஏறாது.

12. தூசி, பழுது

ஈரத் துணி கூடவே கூடாது. மெல்லிய உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். உள்நோக்கித் தட்டினால் தூசி குழல்களின் சந்தில் போய் அடையும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக அட்டைக்குள் இறங்கும்.

ஒரு குழல் மடிந்துவிட்டால் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து ஆடும். மடிந்த இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் துண்டுக்குள் ஒரு பல்குச்சியைப் பசை தடவிச் செருகி, அதன் மேல் புதுக் குழலை மாட்டுங்கள். கூடுதலாக உருட்டியதில் நன்றாக வந்து மிஞ்சிய குழல்கள் இதற்குத்தான். அவற்றுக்கும் அன்றைக்கே வண்ணம் பூசி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கலக்கும் நிறம் பழைய நிறத்தோடு சேராது.

கயிற்றையும் ஆணியையும் அவ்வப்போது ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கயிற்றின் நார் பிரியத் தொடங்கியிருந்தால் முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்றின் முனையில் புதுக் கயிற்றை மெல்லிய நூலால் இறுகக் கட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். குச்சியைச் சுற்றி வர மறுத்தால் பலவந்தம் வேண்டாம்: பழைய துளைகளுக்குக் கொஞ்சம் கீழே, நடுவுக்கு மேலேயே, பின்தட்டின் மேல் ஒரு உறுதியான துணிப் பட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டி, காய்ந்த பிறகு அதில் புதுக் கயிற்றைத் தைத்துக்கொள்ளலாம்.